ஒரு பல்லுக்காக ஆறு பல்லா?

11 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். மேல்வரிசை முன்பல் ஒன்று ஹேண்டில்பாரில் மோதி, ஓரம் சற்றுச் சிதறியது. சில வருடம் கழித்து அதற்கு ரூட் கெனால் (பல்லின் உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை) செய்ய வேண்டி வந்தது. அப்புறம் அந்தப் பல் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகிவிட்டது. இப்போது எனக்கு 34 வயது. இத்தனை வருடமும் புகைப்படங்களில் உதட்டை மூடியபடிதான் நிற்கிறேன். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும்.

போன வருடம் அக்கா மகள் அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பல்லில் ஒரு குறையும் கிடையாது. என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். அன்று இரவே, பல்லின் மேல் ஒட்டி அதன் தோற்றத்தை மாற்றும் வெனீர் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

ஒரு வாரம் தேடியதில் முடிவே செய்துவிட்டேன்: முன்பற்கள் ஆறுக்கும் போர்சிலின் வெனீர். டாக்டரிடம் அதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கண்ணாடியில பார்க்கும்போது எந்தப் பல் உங்களை உறுத்துது?” ஒரு பல்தான். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய ஓடு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது எடுப்பாகத் துருத்தாமல் பொருந்துவதற்காகப் பல்லின் கடினமான மேற்படலமான எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுவார்கள். சீவாமலே ஒட்டக்கூடிய பற்களும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அது சரிவராது. அரை மில்லிமீட்டர் என்றால் கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. போனது திரும்ப வளராது. போர்சிலின் வெனீர் 10, 15 வருடம் நிற்கலாம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் கூடுதலாகவும். அதற்குப் பிறகு? மறுபடி வெனீர், இல்லையென்றால் பல்லை முழுதாக மூடும் கேப். 34 வயதில் ஆரம்பித்தால் வாழ்நாளில் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணினேன். நோயே இல்லாத ஐந்து பற்களுக்கும் சேர்த்து அந்தக் கணக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் டாக்டர் கவனித்தார். என் கோரைப்பற்களின் முனை மழுங்கியிருந்தது. தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிக்கிறேன்! வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்படிக் கடிப்பவர்களுக்கு வெனீர் விரிசல் விடவோ கழன்று வரவோ வாய்ப்பு அதிகம்.

இருந்தாலும் ஆசை விடவில்லை. மாக்-அப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். பல்லை அளவெடுத்து மெழுகில் மாதிரி செய்து, அந்த வடிவத்தைத் தற்காலிகப் பிசினால் நம் பற்கள் மேலேயே பதித்துக் காட்டுவார்கள். எதையும் சீவுவதில்லை, போட்ட வேகத்தில் கழற்றிவிடலாம். கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் “வணக்கம்” என்று சொல்லிப் பார்த்தபோது, வகரத்துக்குக் கீழுதட்டைத் தொட வேண்டிய பல் உதட்டை அழுத்தியது. நீளத்தைக் குறைக்கலாம் என்றார். எனக்கோ அந்த முகம் வேறு யாருடையதோ என்று தோன்றிவிட்டது. வெனீர் போட நினைக்கும் யாரிடமும் நான் சொல்வது இதைத்தான்: மாக்-அப் போட்டுப் பேசிப் பார்க்காமல் ஒரு பல்லையும் சீவ விடாதீர்கள்.

வெனீரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் தோழிக்குச் சிறுவயதில் கொடுத்த டெட்ராசைக்ளின் மருந்தால் பற்களில் சாம்பலும் பழுப்புமாகப் பட்டைகள் விழுந்திருந்தன. அந்தக் கறை பல்லின் உள்ளேயே இருப்பது. மாதக்கணக்கில் மருந்தால் பல்லை வெளுக்க வைக்கும் பிளீச்சிங் செய்தும் அவளுக்குப் போதிய பலன் இல்லை. வெனீர் போட்டுக்கொண்டாள். அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்கே நிறைவாக இருக்கிறது. அவளுக்கு அது சரியான முடிவு.

எனக்குச் செய்தது வேறு. ரூட் கெனால் செய்த பல் என்பதால் அதன் பின்பக்கம் திறந்து, உள்ளேயே பிளீச் மருந்து வைத்து மூடினார். வாரம் ஒருமுறை மருந்தை மாற்றி, மொத்தம் நான்கு தடவை. பிறகு இரண்டு வாரம் காத்திருந்து, சிதறிய ஓரத்தைப் பல் நிறப் பிசினான காம்போசிட் வைத்து நிரப்பினார். பிளீச்சிங்கை முதலில் முடித்தாக வேண்டும். காம்போசிட்டும் போர்சிலினும் பிளீச்சில் வெளுக்காது என்பதால், வெளுத்த பல்லுக்கு ஏற்ற நிறத்தை அதற்குப் பிறகுதான் தேர்ந்தெடுக்க முடியும்.

நிறம் முழுதாக ஒத்துப்போகவில்லை. ஈறோரம் இன்னும் லேசான மஞ்சள் தெரிகிறது. சில வருடத்தில் மறுபடி கறுக்கலாம், காம்போசிட்டையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். இரவில் பற்களைக் காக்கும் உறையான நைட் கார்ட் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். சிரிக்கும்போது கை மட்டும் பழைய வழக்கப்படி வாய்க்குப் போகிறது. பாதியில் நினைவு வந்து இறக்கிவிடுகிறேன், முக்கியமாக அக்கா மகள் பக்கத்தில் இருக்கும்போது.