எப்போதும் ஏதாவது காட்டும் தேடல்

எங்கள் படத் தேடல் தளத்தின் சோதனைக்கு வந்தவர் பத்திரிகைகளுக்குப் படம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவர். 'குடை இல்லாமல் மழையில் நடக்கும் ஆள்' என்று தட்டினார். திரை முழுக்கக் குடைகள். கறுப்புக் குடை, சிவப்புக் குடை, முகம் தெரிகிற பிளாஸ்டிக் குடை. நிதானமாக ஸ்க்ரோல் செய்துகொண்டே போனார், திரும்ப மேலே வந்தார், குடையை மடக்கிக் கையில் வைத்திருந்த ஒருவரின் படத்தை டவுன்லோடு செய்தார்.

"கிடைச்சுதா மேடம்?" என்றேன்.

"கிடைச்ச மாதிரிதான்."

எங்கள் கணக்கில் அது வெற்றி. தேடினார், கிளிக் செய்தார், எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், தேடலின் உள்வேலையைப் பார்க்கும் பேக்எண்ட் நண்பர் கேட்டிருந்தார்: "பொருத்தம் குறையற இடத்துல ஒரு கோடு போட்டுடலாமே. இதுக்குக் கீழே இருக்கிறது சுமாராப் பொருந்துதுன்னு சொல்லிடலாம்." வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. குறிச்சொல்லை வைத்துத் தேடிய காலத்தில், சொல் பொருந்தவில்லை என்றால் பக்கம் காலியாக வரும். 2021-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் (CLIP) போன்ற செயற்கை நுண்ணறிவு மாடல்கள் சொல்லையும் படத்தையும் ஒரே வெளியில் புள்ளிகளாக்கிவிடுகின்றன. அதில் பக்கத்துப் புள்ளிகளை எடுத்துத் தருவதுதான் தேடல். எவ்வளவு தள்ளி இருந்தாலும் பக்கத்தில் யாராவது ஒருவர் இருக்கத்தானே செய்வார்? புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் மதிப்பெண்ணை நம்பிக் கோடு போடலாம் என்றால், சொல்லுக்கும் படத்துக்கும் நன்றாகப் பொருந்தும்போதே 0.3-ஐ ஒட்டித்தான் வரும், பொருந்தாதது 0.2 பக்கம் நிற்கும். இந்த இடைவெளியும் தேடலுக்குத் தேடல் நகரும். அதைச் சதவீதமாகக் காட்டினால் சரியான படத்தின் கீழேயே '30%' என்று இருக்கும். யார் நம்புவார்கள்?

தவிர, படம் என்பது படித்துப் பார்க்க வேண்டியதில்லை. கண் ஒரு நொடியில் தள்ளிவிடும். அப்புறம் எதற்குக் கோடு? இப்போதும் இந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆனால் கண் தள்ளுவது எதிரே இருப்பதைத்தான். வராமல் போனதை அது எப்படிப் பார்க்கும்? வரிசை வரிசையாக நிரம்பிய பக்கம், 'எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்' என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. (1990-களில் ஐபிஎம்மின் கியூபிக் (QBIC) என்ற படத் தேடல் அமைப்பில் எந்த நிறம் எத்தனை சதவீதம் என்று கொடுத்துப் படம் தேடலாம். அந்தத் திரைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆனால், தான் கேட்டது என்ன என்பதாவது அதில் தேடியவருக்குத் தெரிந்திருக்கும்.)

அவர் போன பிறகு 'மழையில் நனைந்தபடி நடக்கும் ஆள்' என்று தட்டிப் பார்த்தேன். முதல் வரிசையிலேயே அவர் கேட்ட மாதிரிப் படங்கள். 'இல்லாமல்' என்பது இந்த மாடல்களுக்குச் சரியாக ஏறுவதில்லை, 'குடை'யைப் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

இதில் எனக்கு ஒரு சமாதானமும் கிடைத்தது. அந்தக் குடைப் படங்களுக்கு நல்ல மதிப்பெண். கோடு போட்டிருந்தாலும் அது அவற்றுக்கு வெகு கீழேதான் விழுந்திருக்கும். நண்பரிடம் எடுத்துக் காட்டினேன். மறுக்கவில்லை. "சரி, உங்க வாதம் ஜெயிச்சுது. அவங்க அந்தப் படம் நம்மகிட்ட இல்லைன்னு நெனைச்சுட்டுப் போனாங்களே, அதுக்கு என்ன காட்டப் போறீங்க?"

தேடல் பெட்டிக்குக் கீழே 'இப்படியும் தேடிப் பாருங்கள்' என்று வேறு சொற்களில் சில தேடல்களைத் தருவதாக ஒன்று வரைந்தேன். எல்லாத் தேடலுக்கும் அது வந்தால் தொல்லை. பொருத்தம் குறையும்போது மட்டும் வரட்டும் என்று ஓரத்தில் குறிப்பு எழுதினேன். எழுதி முடித்ததும்தான் உறைத்தது, அது நண்பர் கேட்ட அதே கோடு. குடைத் தேடலுக்கு அதுவும் வந்திருக்காது.