கரண்ட் வைக்கும்போது நடுவில் ஒரு எம்.ஆர்.ஐ.: ஃபிலிமை நம்பிக் கிளம்பாதீர்கள்

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய், க்ளீசன் 4+3 (திசுப் பரிசோதனையில் கட்டியின் தீவிரத்துக்குப் போடும் மதிப்பெண்). ஹார்மோன் ஊசி போட்டு, பிறகு மதுரையில் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க ஆரம்பித்தார்கள். 20 சிட்டிங், மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சின் அளவு). சிட்டிங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுப்பார், சற்று நேரத்தில் எழுந்து வந்துவிடுவார். எங்களை அலைக்கழித்தது பாதியில் எடுக்கச் சொன்ன எம்.ஆர்.ஐ.தான்.

இது எல்லாருக்கும் எடுப்பதில்லை. ஹார்மோன் ஊசியால் ப்ராஸ்டேட் சுரப்பி சுருங்கிக்கொண்டே வரும். அப்பாவுக்கு ஆரம்பத்தில் நல்ல பெரிதாக இருந்தது. அது சுருங்கி விட்ட இடத்தில் மலக்குடலோ மூத்திரப்பையோ வந்து உட்கார்ந்தால், கட்டிக்கு வைக்கும் கரண்ட் அதன்மேல் படும். தினமும் மெஷினிலேயே எடுக்கும் ஸ்கேனில் எலும்பு தெளிவாகத் தெரியுமே தவிர, ப்ராஸ்டேட்டின் ஓரம் மங்கலாகத்தான் தெரியும். அதனால் புதிதாக ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து, பழையதோடு ஒட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் ப்ளானை மாற்றலாம் என்றார் டாக்டர்.

பழையது எங்கள் ஊர் ஸ்கேன் சென்டரில் எடுத்தது. பெரிய கவரில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் பத்திரமாக இருந்தன. டாக்டர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரிஜினல் டேட்டா வேணும்மா" என்றார். கரண்ட் பட்ட ப்ராஸ்டேட், எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் முழுக்கக் கறுத்துவிடுமாம். கட்டி எது, நல்ல திசு எது என்று பிரிப்பது கஷ்டம். முதலில் கட்டி எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான், அதே இடம் டிஃப்யூஷன் என்ற இன்னொரு வகைப் படத்தில் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க முடியும்.

ஊருக்குப் போய்க் கேட்டால், கவுண்டரில் இருந்தவர் செல்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஃபிலிம் குடுத்தாச்சே மேடம், அப்புறம் எதுக்கு சிடி? பழசெல்லாம் சிஸ்டத்துல இருக்காது." இந்தப் பதிலை நம்பி யாரும் திரும்பி வந்துவிடாதீர்கள். உள்ளே ஸ்கேன் எடுக்கும் தம்பியிடம் பழைய பில் நம்பரைக் காட்டினேன். அவர் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார்! இருந்ததைத்தான் அந்த மனிதர் பார்க்காமலேயே இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

அதை மதுரைக்குக் கொண்டுபோய்ப் போட்டால், உள்ளே ரிப்போர்ட்டுக்காகப் பொறுக்கி வைத்த சில ஜேபெக் படங்கள் மட்டும். ப்ளானிங் கம்ப்யூட்டருக்கு அது உதவாது, முழு டைகாம் (ஸ்கேன் மெஷினிலிருந்து வரும் ஒரிஜினல் ஃபைல்கள்) வேண்டும். மறுபடி ஊருக்கு ஓட்டம். இந்த முறை அங்கேயே திறந்து காட்டச் சொல்லி, டி2, டிஃப்யூஷன், கான்ட்ராஸ்ட் எல்லா சீரிஸும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் இடத்தைவிட்டு நகர்ந்தேன்.

புது எம்.ஆர்.ஐ.க்கு வருகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் அதன் விவரத்தாளைக் கேட்பார்கள். அப்பாவின் ஆஞ்சியோ டிஸ்சார்ஜ் சம்மரி போனில் போட்டோவாக இருந்தது, தப்பித்தோம். கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதாக இருந்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் கேட்பார்கள்.

ஒவ்வொரு சிட்டிங்குக்கும் குடல் காலியாகவும் மூத்திரப்பை நிரம்பியும் இருக்க வேண்டும். இந்த எம்.ஆர்.ஐ.க்கும் அப்படியே இருந்தால்தான் ஒட்டிப் பார்க்க முடியும். டோக்கன் நேரத்தைக் கணக்குப் பண்ணி அப்பா தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு எமர்ஜென்சி கேஸ் போனது, பிறகு இன்னொன்று. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல தாங்காதும்மா" என்றார். எழுபது தாண்டிய மனுஷனை இப்படி நிற்க வைத்துப் பார்க்க நெஞ்சு கொதித்தது. பாத்ரூம் போய் வந்ததும் கூப்பிட்டார்கள். "பரவால்ல ஐயா, படுங்க, எடுத்துரலாம்" என்றார் டெக்னீஷியன். வேண்டாம் என்று சொல்லி, வேறு தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். நோய் இருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ.க்கு அது பெரிய விஷயமில்லை. இதற்கு அப்படி விட முடியாது.

அடுத்த தடவை காலை முதல் ஆளாக வைக்கச் சொல்லி, டாக்டரிடம் கடிதமும் வாங்கிப் போனேன்: இது ப்ளானிங் எம்.ஆர்.ஐ., தட்டையான டேபிள், இடைவெளியில்லாத மெல்லிய ஸ்லைஸ், மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். கடிதத்தைப் பார்த்ததும் பேச்சே மாறியது. அன்றைக்கு இருந்த பெண் டெக்னீஷியன் முதலில் ஒரு சின்னப் படம் எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "கறுப்பா உருண்டையா தெரியுது பாருங்க அக்கா, அது முழுக்கக் காத்து." மலக்குடலில் காற்று நின்றால் ப்ராஸ்டேட்டைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளிவிடும், டிஃப்யூஷன் படமும் கோணிப்போகும். அப்பாவை இறக்கி நடக்கவிட்டு, காற்று பிரிந்த பிறகு எடுத்தார். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். முந்தின நாளே மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைகோஸை நிறுத்திவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ.யும் கரண்ட் மெஷினும் ஒன்றாகவே இருக்கும் எம்.ஆர்.-லினாக் இருந்தால் இந்த அலைச்சலே இல்லை. 2017-லேயே நெதர்லாந்தின் யூட்ரெக்டில் 1.5 டெஸ்லா காந்த சக்தியுள்ள எம்.ஆர்.ஐ. பொருத்திய மெஷினில் சிகிச்சை ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. 2023-ல் வெளியிட்ட மிராஜ் ஆய்வில், எம்.ஆர்.ஐ. பார்த்து வைத்ததால் ப்ராஸ்டேட்டைச் சுற்றிக் கூடுதலாகக் கரண்ட் படவிடும் ஓரத்தை 4 மில்லிமீட்டரிலிருந்து 2-ஆகக் குறைக்க முடிந்தது. சிகிச்சையை ஒட்டி வரும் குறிப்பிடத்தக்க மூத்திரத் தொல்லை 43.4 சதவீதத்திலிருந்து 24.4 ஆக இறங்கியது. அந்த மெஷின் கைக்கெட்டாத எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தக் கடிதமும் டைகாமும்.

அப்பாவுக்குச் சுரப்பி நன்றாகவே சுருங்கியிருந்தது. மீதி சிட்டிங்குக்கு ப்ளானை மாற்றிப் போட்டார்கள். ரிப்போர்ட்டில் கட்டி இன்னும் மிச்சமிருப்பதாக ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. பாதி சிகிச்சையில் அப்படித்தான் வரும், நோய் போனதா இல்லையா என்பதை இந்தப் படம் சொல்லாது, இனி பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும் என்று டாக்டர் விளக்கினார். ரிப்போர்ட் கைக்கு வருவதற்கு முன்பே இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.