பக்கெட்டுக்கும் மக்குக்கும் யார் லேபிள் ஒட்டுவது?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கெமிக்கல் ஸ்டோரும் சேஃப்டியும் என் பொறுப்பு. துணி வாங்கும் பையர் சார்பாக ஆடிட்டுக்கு வருபவர்கள் ஸ்டோருக்குள் நுழைந்ததும் ட்ரம்களைத்தான் பார்ப்பார்கள். லேபிள் இருக்கிறதா, சிவப்புக் கட்டத்துக்குள் படம் இருக்கிறதா, எஸ்டிஎஸ் (கெமிக்கலின் பாதுகாப்புத் தகவல் தாள்) ஃபைல் இருக்கிறதா. டிக், டிக், டிக். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் சீல் உடைக்காத ட்ரம்மால் யாருக்கும் கண் எரிந்து நான் பார்த்ததில்லை. ட்ரம்மிலிருந்து பக்கெட்டுக்கும், பக்கெட்டிலிருந்து மக்குக்கும் போன பிறகுதான் எல்லா வம்பும். அங்கே லேபிள் இருக்காது.

முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். நைட் ஷிஃப்டில் யாரோ ஹைட்ரோஸ் என்ற ரசாயனப் பொடியை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் அள்ளி வந்து, பாதி போட்டுவிட்டு மீதியை மெஷின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்திலேயே உப்பு மூட்டை. காலையில் தரை கழுவிய ஹோஸ் தண்ணீர் கொஞ்சம் அதில் தெறித்தது. சற்று நேரத்தில் பக்கெட்டிலிருந்து புகை, தீக்குச்சி கிழித்த மாதிரி மூக்கைத் துளைக்கும் நெடி. நல்லவேளை, எல்லோரும் வெளியே ஓடிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அம்மணி, பாக்கறதுக்கு உப்பாட்டத்தான இருந்துது.”

அவரைக் குறை சொல்ல முடியாது. உப்பு, சோடா ஆஷ், ஹைட்ரோஸ் மூன்றுமே வெள்ளைப் பொடி. சாயப்பட்டறையில் மூன்றும் தினமும் புழங்கும். ஹைட்ரோஸில் மட்டும் கொஞ்சமாக ஈரம் பட்டால் தானே சூடேறும், சல்ஃபர் டைஆக்சைடு கிளம்பும், தீயும் பிடிக்கலாம். இரும்பு ட்ரம்மில் இருந்தவரை அதன் மேல் தீ படம் ஒட்டியிருந்தது. பக்கெட்டுக்கு மாறியதும் அது அனாதைப் பொடி.

இந்தப் படங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன? 1992-ல் ரியோ மாநாட்டில், உலகம் முழுக்க ஒரே மாதிரி வகைப்பாடும் லேபிளும் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2003-ல் ஐ.நா. ஜிஎச்எஸ் என்ற முறையை வெளியிட்டது. ஐரோப்பா 2008-ல் சிஎல்பி என்ற பெயரில் சட்டமாக்கியது, அமெரிக்கா 2012-ல் ஏற்றது. நம் நாட்டில் போபாலுக்குப் பிறகு வந்த 1989-ஆம் ஆண்டு அபாயகர ரசாயன விதிகள் இருக்கின்றன. அதன் 17-ஆம் விதி, ஒவ்வொரு கொள்கலனிலும் உள்ளே என்ன இருக்கிறது, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன, அதன் தன்மையும் நச்சும் என்ன என்று தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு கொள்கலனிலும். பக்கெட்டும் கொள்கலன்தானே என்று நான் ஒரு மீட்டிங்கில் கேட்டேன். சிரித்தார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: வீரியம் மாறினால் லேபிளும் மாறும். மருந்துக்கடையில் புண் கழுவக் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம். பிளீச்சிங்குக்கு எங்களுக்குக் கேனில் வருவது 50 சதவீதம். சிஎல்பி கணக்குப்படி பெராக்சைடு 5 சதவீதத்தைத் தொட்டால் கண் எரிச்சல், 8-ஐத் தொட்டால் கண்ணுக்குக் கடும் சேதம், 35-ல் தோலுக்கும் மூச்சுக்குழலுக்கும் எரிச்சல். 50 வந்துவிட்டால் தோலையே அரிக்கும், மற்ற பொருளை எரியவும் வைக்கும். காஸ்டிக் சோடாவுக்கு இன்னும் கறார்: 2 சதவீதக் கரைசலே அரிக்கும் வகையில் வந்துவிடும். “தண்ணி கலந்தாச்சு, ஒண்ணும் பண்ணாது” என்று வெறுங்கையை விடுபவர்களிடம் இந்த ஒரு எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம் அந்தத் தீ படம். பெராக்சைடு கேனில் இருப்பது வட்டத்தின் மேல் தீ. ஹைட்ரோஸ் ட்ரம்மில் இருப்பது வெறும் தீ. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வெறும் தீ என்றால் இது எரியும். வட்டம் இருந்தால் இது பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும். இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. படம் ஒரே மாதிரி இருக்கிறதே, ஒரே வகையாக இருக்கும் என்று அக்கறையோடு பக்கத்துப் பக்கத்தில் அடுக்கிவைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி கொடுக்காமல் படத்தை மட்டும் ஒட்டினால் இப்படித்தான்.

எண்களிலும் ஒரு கூத்து உண்டு. பல ஸ்டோர் சுவர்களில் நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நாலு நிற வைரக்கட்டம் வரைந்திருப்பார்கள். அது தீயணைப்பு வீரர்களுக்காக அமெரிக்காவில் உண்டான முறை. அதில் 0 என்றால் ஆபத்து இல்லை, 4 என்றால் உச்சம். ஜிஎச்எஸ்ஸில் தலைகீழ்: கேட்டகரி 1 தான் ஆக மோசம். சுவரில் ஒரு கணக்கு, எஸ்டிஎஸ்ஸில் இன்னொரு கணக்கு. புதிதாக வரும் சூப்பர்வைசர் “கேட்டகரி ஒன்னு தானே மேடம்” என்று அலட்சியமாகச் சொன்னால் எனக்குக் கை நடுங்கும்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பக்கம். ட்ரம் லேபிள் ஆங்கிலத்தில் வரும். ஐரோப்பாவில் எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்த நாட்டு மொழியில் லேபிள் இருந்தாக வேண்டும். நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் அறிவிப்புப் பலகைகள் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் போர்டு வைத்தோம். பக்கெட்டுக்கு அவ்வளவு இடம் இல்லை. அதனால் பெயர், வீரியம், படம் மூன்று மட்டும் பெயின்ட்டில் ஸ்டென்சில் அடித்தோம். ஹைட்ரோஸ் பக்கெட் சிவப்பு, மூடியோடு. அதில் வேறெதுவும் அள்ளக் கூடாது.

அமெரிக்க விதியில் ஒரு சலுகை உண்டு: ஊற்றியவரே உடனே பயன்படுத்தித் தீர்த்தால் அந்தப் பாத்திரத்துக்கு லேபிள் தேவையில்லை. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஃப்ளோரில் ஊற்றியவர் டீக்குப் போவார், ஷிஃப்ட் மாறும், அடுத்தவர் வந்து மக்கை எடுப்பார். அந்தச் சலுகையை நான் தருவதில்லை.

எஸ்டிஎஸ்ஸில் 16 பகுதி இருக்கும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் 2, 7, 10 மூன்றையாவது படியுங்கள். என்ன ஆபத்து, எப்படி வைப்பது, எதோடு சேரக் கூடாது என்பது அங்கேதான் இருக்கும்.

கடைசியாகக் காலி பேரல். கேட்டில் வந்து “தண்ணி புடிச்சு வெக்க ஒரு பேரல் குடுங்க” என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. லேபிளைச் சுரண்டிவிட்டால் நீல பேரல் பார்க்கப் புதிதாக இருக்கும். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் கெமிக்கல் ஒட்டிய காலி பேரலும் கழிவுப் பட்டியலில்தான் வருகிறது, அனுமதி பெற்றவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். இப்போது கேட்டைத் தாண்டும் முன் ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை போடுகிறோம். ஓட்டை பேரலுக்கு விலை குறைகிறது என்று அக்கவுண்ட்ஸில் முணுமுணுப்பு. வித்தியாசத்தை சேஃப்டி செலவில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.