ஒன்ராறியோ தோட்டத்தில் அக்டோபர்

மேப்பிள் இலையில் மஞ்சள் நிறம் கோடை முழுக்க இருக்கிறது. பச்சையம் சிதைந்த பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிவிடும் சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாகிறது. வெயிலடிக்கும் பகலும், உறைபனி விழாத குளிர்ந்த இரவும் அடுத்தடுத்து வந்தால் நிறம் மனதை அள்ளிக்கொண்டு போகும். சின்னத் தோட்டத்துக்கு மேப்பிள் தேவையே இல்லை, புளூபெர்ரிச் செடி போதும். ஆனால் மண்ணின் அமிலத்தன்மை பிஎச் 4.5 முதல் 5.5-க்குள் இருக்கவேண்டும். நிழலில் வைத்தால் சிவப்பு ஏறாது.

பூவுக்கு என் முதல் தேர்வு நியூ இங்கிலாந்து ஆஸ்டர். ஊதா இதழ்கள், நடுவே மஞ்சள் வட்டம். நாளாக ஆக அந்த வட்டம் செம்பழுப்பாகும். மெக்சிகோவுக்குப் பறக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் தேன் குடிக்க இதில் இறங்கும். ஜூன் நடுவில் தண்டுகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பூக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். செடிக்குச் செடி 60 செ.மீ. விடுங்கள். காற்றோட்டம் இல்லையென்றால் அடி இலைகளில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

கடையில் பூத்தபடி வாங்கும் சாமந்தியை அக்டோபரில் நட்டால் வேர் பிடிக்க நாள் போதாது, குளிர்காலத்தில் செத்துவிடும். வசந்தத்திலேயே நடுங்கள். காய்ந்த தண்டுகளை ஏப்ரல் வரை வெட்டாதீர்கள்.

உறைபனி எச்சரிக்கை வந்தால் பொழுது சாயுமுன் பழைய படுக்கை விரிப்பைத் தரை தொடும்படி போர்த்துங்கள், மண்ணின் சூடு உள்ளேயே நிற்கும். பிளாஸ்டிக் வேண்டாம், அது தொடும் இலை கருகிவிடும்.