டாக்டர்கள் சங்கத்தின் 5,000 டாலர் எங்கே போகிறது?

அமெரிக்க மருத்துவர் சங்கம் தன் கணக்கிலிருந்து ஒரு செனட் வேட்பாளருக்கு நேரடியாக ஒரு டாலர்கூடத் தர முடியாது. கம்பெனிகளுக்கும் அதே தடைதான். அதற்காகத்தான் 1961இல் ‘ஆம்பேக்’ என்ற தனி நிதிக் குழு வந்தது. பணம் டாக்டர்களின் சொந்தப் பையிலிருந்து வரவேண்டும். குழுவின் நிர்வாகச் செலவைச் சங்கம் ஏற்கலாம்.

ஒரு டாக்டர் வருஷத்துக்கு 5,000 டாலர் வரை குழுவுக்குத் தரலாம். குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 தரலாம். உட்கட்சித் தேர்தல் தனி, பொதுத் தேர்தல் தனி. ஆக மொத்தம் 10,000. கோடிக்கணக்கான டாலர் செலவாகும் செனட் போட்டியில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதற்காக எந்த அரசியல்வாதியும் சபையில் தன் வாக்கை விற்கமாட்டார். போன் போட்டால் எடுப்பார்கள், அவ்வளவுதான். அதனால் பணம் பெரும்பாலும் ஏற்கெனவே பதவியில் இருப்பவருக்கே போகிறது, இரண்டு கட்சிக்கும். முக்கியமாக, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) டாக்டர்களுக்குத் தரும் கட்டணத்தைக் கையில் வைத்திருக்கும் நாடாளுமன்றக் கமிட்டிக்காரர்களுக்கு. 1997இல் வந்த ஒரு மெடிகேர் கட்டண ஃபார்முலா டாக்டர்களின் வருமானத்தை வெட்டப்போவதாக மிரட்டிக்கொண்டே இருந்தது. கடைசி நேரத்தில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு 2015இல்தான் ஒழித்தார்கள். அத்தனை வருஷமும் வசூலுக்குக் காரணம் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும்.

சிக்கல் வருவது சின்ன விஷயங்களில். கார்ப்பரேஷனாகப் பதிவான கிளினிக்கின் செக்கை நீட்டுவது வழக்கமான தப்பு. அந்தப் பணம் வேட்பாளருக்குப் போகக்கூடாது. நீங்கள் கொடுத்ததை ஆஸ்பத்திரி போனஸாகத் திருப்பித் தந்தால் அது இன்னும் பெரிய குற்றம்: பிறர் பெயரில் நன்கொடை. நம்மூரிலிருந்து போய் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர்கள் கையே வைக்கக்கூடாது; கிரீன் கார்டு இருந்தால் தாராளமாகத் தரலாம். வருஷத்தில் 200 டாலரைத் தாண்டினால் பெயர், தொழில், வேலை பார்க்கும் இடம் எல்லாம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஏறிவிடும்.

நிஜமான பெரும்பணம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 2019இல், எதிர்பாராத ஆஸ்பத்திரி பில்களைத் தடுக்கும் மசோதாவுக்கு எதிராக ‘டாக்டர் பேஷண்ட் யூனிட்டி’ என்ற அமைப்பு 2.8 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தில் கொட்டியது. பெயரில்தான் டாக்டரும் நோயாளியும். பணம் டீம்ஹெல்த், என்விஷன் என்ற, ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர்களை அனுப்பும் இரண்டு கம்பெனிகளுடையது. அவற்றின் பின்னால் இருந்தவை பிளாக்ஸ்டோன், கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனங்கள். 2020 டிசம்பரில் சட்டம் வந்தேவிட்டது. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கேட்டபடி, டாக்டருக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே நிர்ணயித்த தொகை அதில் இல்லை. டாக்டர்கள் தரப்பு கேட்டபடி, தகராறு வந்தால் தொகையை முடிவு செய்யும் மத்தியஸ்தம் இருந்தது.