ஏ.பி.பி. தேர்வு முடிந்தபின் ஏழு மாதக் காத்திருப்பு

ஏ.பி.பி. என்னும் அரசு வக்கீல் வேலைக்கான தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்வானபிறகு நியமன ஆணை கைக்கு வரும்வரை என்னென்ன நடக்கும் என்று சொல்லத்தான் எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அந்த ஏழு மாதத்தில் நான் பட்டதை, அடுத்து வரப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மதுரை அரசு சட்டக் கல்லூரியில் படித்து, 2018-ல் பார் கவுன்சிலில் பதிவு செய்து, மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். பெரும்பாலும் ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட் வேலை. ஜாமீன் மனு, வாய்தா, குறுக்கு விசாரணைக்குக் குறிப்பெடுப்பது. அப்போது ஒரு வழக்கில் செயினைப் பறிகொடுத்த அம்மா ஒருவர் சாட்சி சொல்ல வருவார். நான்கு முறை வந்தார். ஒருமுறை நீதிபதி விடுப்பு, ஒருமுறை எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஆஜராகவில்லை, ஒருமுறை நேரமில்லை. ஒவ்வொரு முறையும் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, "எப்பம்மா கூப்பிடுவாங்க?" என்று என்னிடம்தான் கேட்பார். நாங்கள் எதிரித் தரப்பு. சாட்சியிடம் நான் எதுவும் பேசக் கூடாது. அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஏ.பி.பி. அன்று இரண்டு கோர்ட்டைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று தோன்றியது அங்கேதான்.

ஏ.பி.பி. என்றால் அரசு உதவி வழக்கு நடத்துநர். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் அரசுத் தரப்பை நடத்துபவர். செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கும் பப்ளிக் பிராசிக்யூட்டர் நியமனம் வேறு மாதிரி. அது பெரும்பாலும் ஆட்சி மாறினால் மாறிவிடும். ஏ.பி.பி. நிலை 2 என்பது டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் நிரந்தர வேலை. ஊரில் எல்லாரும் "போலீஸ் வக்கீல்" என்பார்கள். அது சரியில்லை. ஏ.பி.பி.க்கள் போலீஸுக்குக் கீழே வருவதில்லை, குற்ற வழக்குத் தொடர்வுத் துறை என்று தனித் துறை இருக்கிறது. எங்கள் ஊரில் இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இந்த வேலைக்குச் சட்டப் படிப்பு மட்டும் போதாது. கிரிமினல் கோர்ட்டுகளில் ஐந்து வருஷம் உண்மையாகவே தொழில் நடத்தியிருக்க வேண்டும். ஜூனியர்கள் சறுக்குவது இங்கேதான். ஐந்து வருஷமும் தினமும் கோர்ட்டில்தான் நின்றோம், ஆனால் வக்காலத்தில் சீனியர் பெயர் மட்டும் இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் என் பெயரைப் போட்டுத் தேடினேன். இருநூறு வழக்காவது வரும் என்று நினைத்த இடத்தில் முப்பத்துச் சொச்சம்தான் வந்தது. சீனியர் பெருந்தன்மையானவர். பழைய வழக்குக் கட்டுகளை எல்லாம் எடுத்துப் போடச் சொல்லி, நான் ஆஜரான நாட்களைக் குமாஸ்தா அண்ணன் டைரியோடு ஒப்பிட்டுப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். நீங்கள் இப்போது ஜூனியராக இருந்தால், இன்றையிலிருந்தே வக்காலத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முதல்நிலை, முதன்மை, நேர்முகம். நான் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடிய கொலைக்கான பிரிவு 302, 103 ஆனது. மோசடிக்கான 420, 318-க்குப் போனது. பழைய எண், புதிய எண் என்று இரண்டு பத்தி போட்ட நோட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கும். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினால் செக்கானூரணி வருவதற்குள் ஒரு பக்கம் மனப்பாடம்.

சரி, என் ஆணை தள்ளிப்போகக் காரணமான, என்மீதே இருந்த ஒரு வழக்குக்கு வருகிறேன்.

2019-ல் எங்கள் ஊர்க்காரர்கள் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் திறக்கச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தார்கள். அந்தக் கால்வாய் எங்களுக்கு என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 67 அடியைத் தாண்டினால்தான் எங்கள் கால்வாய்க்குத் தண்ணீர். பல வருஷம் அது தாண்டாது. தாண்டினாலும் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். கண்மாய் காய்ந்தால் கிணறு காயும், கிணறு காய்ந்தால் மாடு விற்கும் பேச்சு வரும். நான் அன்று ஊரில்தான் இருந்தேன். கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவை எழுதியதே நான்தான். எழுதியவள் வீட்டுக்குள் இருக்க முடியுமா? நானும் உட்கார்ந்தேன். எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்: பழைய தண்டனைச் சட்டம் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 341 (வழிமறிப்பு), 188 (அதிகாரியின் உத்தரவை மீறியது). பன்னிரண்டு பெயர்களில் என்னுடையதும் ஒன்று.

அதற்கு முந்தின வருஷம், 2018 செப்டம்பரில், ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை ஜீவானந்தம் வழக்கில் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. 188-க்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி எழுத்து மூலமாக மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும் என்று. மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் ஒரு வருஷத்துக்குள் கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுக்க வேண்டும் என்ற கால வரம்பு உண்டு. இரண்டு வருஷமாகியும் குற்றப்பத்திரிகை வரவில்லை. சீனியர் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் காசு வாங்காமல் மனு போட்டார். ஒத்தக்கடையில், யானைமலை பார்க்க இருக்கும் அந்த ஹைகோர்ட் கட்டடத்தில் 2021-ல் எஃப்.ஐ.ஆர். ரத்தானது. அன்றைக்கே சான்றொப்ப நகல் மூன்று வாங்கி வைத்தேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த நகல்கள்தான்.

டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்திலேயே குற்ற வழக்கு பற்றிய கேள்வி உண்டு. கூடப் படித்த இரண்டு பேர், "ரத்தாகிவிட்டால் வழக்கே இல்லை என்றுதானே அர்த்தம், இல்லை என்று போடு" என்றார்கள். சட்டம் படித்தவர்கள் சொன்னதால் எனக்கும் ஒரு ராத்திரி சபலம் தட்டியது. மறுநாள் சீனியரிடம் கேட்டேன். அவர் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அவதார் சிங் தீர்ப்பை எடுத்து மேசையில் வைத்து, "படித்துவிட்டு வந்து பேசும்மா" என்றார். படித்தேன். வேலைக்குச் சேருகிறவர் தன்மீதான வழக்கு, கைது, தண்டனை பற்றிக் கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது. சின்ன வழக்கை மறைத்திருந்தால் மேலதிகாரி மன்னிக்கலாம், ஆனால் அது அவருடைய முடிவு. உண்மையைச் சொல்லியிருந்தாலும் பொருத்தமானவரா என்று பார்க்கும் உரிமை அரசுக்கு உண்டு. சொன்னால் உறுதியாக வேலை கிடைக்கும் என்று அந்தத் தீர்ப்பு எங்கேயும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் "ஆம்" என்று போட்டு, எஃப்.ஐ.ஆர். நகலையும் ரத்து உத்தரவையும் ஏற்றினேன். பொய் சொல்லிவிட்டுப் போய் நின்று, சத்தியம் செய்த சாட்சியை நான் எப்படி விசாரிப்பேன்?

சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பும் கவுன்சலிங்கும் முடிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் துறையிலிருந்து போலீஸ் வெரிஃபிகேஷனுக்கான படிவம் வந்தது. குடியிருந்த முகவரிகள், படித்த இடங்கள், அப்பா அம்மா விவரம், தெரிந்தவர்கள் இரண்டு பேர், வழக்குகள். ஒரே கையெழுத்தில், விண்ணப்பத்தில் என்ன எழுதினோமோ அதையே வார்த்தை மாறாமல் எழுதுங்கள். அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு முகவரி. மதுரையில் வாடகை வீடு, அது மாநகரக் கமிஷனர் எல்லை. சொந்த ஊர், அது எஸ்.பி. எல்லை. அதனால் விசாரணையும் இரண்டு. மதுரையில் நுண்ணறிவுப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, வீட்டுக்கார அம்மாவிடம் பத்து நிமிஷம் பேசி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவுதான். ஊரில் தனிப்பிரிவு ஏட்டு சாதாரண உடையில் வந்து, டீக்கடையில் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, கடைக்காரர் முதல் கோனார் வீட்டுப் பெரியப்பா வரை என்னைப் பற்றி நல்லதாகவே அள்ளி விட்டிருக்கிறார்கள். அம்மா அவருக்கு மோர் கொடுத்து, எந்த ஊர் மாப்பிள்ளை என்று கேட்டதும்தான் அவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அம்மா அன்று ராத்திரி போனில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் பேசினார்.

நான்காவது மாதம் என்னோடு தேர்வானவர்களுக்கு ஒவ்வொருவராக ஆணை வந்தது. எனக்கு இல்லை. அந்த நாட்களைக் கடந்ததுதான் கஷ்டம். புது வழக்கு வந்தால் எடுப்பதா? எடுத்து, அடுத்த வாரமே ஆணை வந்தால் கட்சிக்காரரை நடுவில் விட்ட மாதிரி ஆகும். எடுக்காவிட்டால் வாடகை? கடைசியில் ஜாமீன் போல ஒரே மூச்சில் முடியும் வேலைகளை மட்டும் எடுத்தேன். விசாரணைக்கு வரும் வழக்கென்றால், கட்சிக்காரரிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லி, சீனியர் பெயரையும் வக்காலத்தில் சேர்த்துக்கொண்டேன். ஒரு உறவினர், "நம்ம ஆளு ஒருத்தர் கட்சியில இருக்கார், ஒரு வார்த்தை சொல்லச் சொல்லவா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். வேண்டாம் மாமா என்றேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது: கோப்பு பரிசீலனையில் உள்ளது. ஒரே வரி. ஐந்தாவது மாதம் அந்த ஏட்டையே பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நல்ல மனிதர். அவர்தான் சொன்னார். அவர் என்னைப் பற்றி நல்லபடியாக எழுதியிருந்தாலும், ஸ்டேஷன் கம்ப்யூட்டரில், சி.சி.டி.என்.எஸ். என்ற போலீஸ் பதிவில், அந்த எஃப்.ஐ.ஆர். இன்னும் விசாரணையில் என்றே இருக்கிறதாம். அறிக்கையும் அப்படியே போய்விட்டது. நான் ரத்து என்கிறேன், போலீஸ் நிலுவை என்கிறது. மேலே உட்கார்ந்து கோப்பைப் பார்க்கிறவருக்கு நான் பொய் சொன்ன மாதிரிதானே தெரியும்?

ஹைகோர்ட் உத்தரவின் கடைசிப் பக்கத்தில் யார் யாருக்கு நகல் என்று இருக்கும். இன்ஸ்பெக்டருக்கும், மதுரைக் கிளையின் கூடுதல் அரசு வழக்கறிஞருக்கும் என்று எங்கள் உத்தரவிலும் இருந்தது. நகல் ஸ்டேஷனுக்கு வந்து ஏதோ தபால் கட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது, யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. நான்கு வருஷமாக எனக்கும் அதைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. இன்னொருவர் வழக்காக இருந்தால் பார்த்திருப்பேன்.

மறுநாளே ஒரு மனு எழுதினேன். எஃப்.ஐ.ஆர். எண், ஹைகோர்ட்டில் போட்ட கிரிமினல் ஓ.பி. (எம்.டி.) எண், உத்தரவு நாள், ஆவணத்தைத் திருத்தி, திருத்திய அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற கோரிக்கை. ஒரு பக்கம்தான். சான்றொப்ப நகலோடு ஸ்டேஷனில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினேன். எஸ்.பி. அலுவலகத்துக்கும் துறைக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். மூன்று முறை நேரில் போய் நினைவூட்ட வேண்டியிருந்தது. குரல் உயர்த்தவில்லை, உட்காரச் சொன்னால் உட்கார்ந்தேன், சொல்லாவிட்டால் நின்றேன். அந்த மாதக் கடைசியில் "வழக்கு ரத்து" என்று ஏறியது. என்னோடு சேர்த்து மற்ற பதினோரு பேருக்கும் ஏறியது. அதில் ஒருவர் இப்போது பாஸ்போர்ட் எடுக்கப் போகிறார், வழக்கு எதுவும் குறுக்கே வராது என்று நிம்மதியாக இருக்கிறார்.

உங்கள் மீது எப்போதாவது வழக்கு இருந்து முடிந்திருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஸ்டேஷனில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

ஏழாவது மாதம் ஆணை வந்தது. மேலூர் கோர்ட்டில் வாய்தாவுக்காக நின்றுகொண்டிருந்தேன். ராஜாஜி மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று, மீதியிருந்த பதினான்கு கட்டுகளையும் சீனியரிடம் ஒப்படைத்தது, கட்சிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தது என்று இரண்டு வாரம் ஓடியது. சேர்ந்தது வேறு மாவட்டம்.

அங்கே எனக்குக் கொடுத்த அறை சின்னது. முதல் நாள் ஆபீஸ் உதவியாளரிடம் இரண்டு நாற்காலி கூடுதலாகக் கேட்டேன். யாருக்கு மேடம் என்றார். சாட்சிகளுக்கு என்றேன்.