எதிராளி தந்த ஆவணங்கள்

சமூகவியல் பாடநூல்களின் முதல் அத்தியாயத்தில் அகஸ்ட் காம்ட், ஸ்பென்சர், மார்க்ஸ், துர்க்கைம், வெபர் ஆகியோர் வரிசையாக அறிமுகமாவார்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கி இத்துறையைக் கட்டி முடித்ததாக ஓர் எண்ணம் அந்த வரிசையால் உண்டாகிவிடுகிறது. பிரான்சில் நடந்ததைப் பார்த்தால் சண்டைதான் அதிகம்.

1839 இல் இத்துறைக்குப் பெயர் சூட்டிய காம்ட், பேராசிரியர் பதவி எதுவும் கிடைக்காமலேயே 1857 இல் இறந்தார். அறிவியல்களுக்கெல்லாம் மேலே சமூகவியலை அமர்த்தினாரே தவிர, ஒரு சமூகவியலாளர் காலையில் எழுந்து என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை அவருடைய தடித்த தொகுதிகளிலிருந்து அறிய முடியாது. அதைச் செய்து காட்டியவர் துர்க்கைம் என்பது என் கருத்து. அவருக்கு முன்பே, 1838 இல், சமூகத்தை எப்படிக் கவனிப்பது என்று தனி நூலே எழுதிய ஹாரியட் மார்ட்டினோவை நம் பாடத்திட்டங்கள் ஏன் ஒதுக்குகின்றன என்பது வேறு கதை.

1897 இல் வெளியான 'தற்கொலை' என்ற நூலுக்குத் துர்க்கைம் தேர்ந்தெடுத்த பொருளே ஒரு துணிச்சல். முற்றிலும் தனிமனிதரைச் சார்ந்ததாகத் தோன்றும் ஒரு செயலின் விகிதம், ஒவ்வொரு நாட்டிலும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாமல் நிற்பதை அவர் சுட்டிக்காட்டினார். 1873 இல் வியன்னாவில் ஏற்பட்ட நிதி வீழ்ச்சியின்போது மட்டுமல்லாமல், 1878 இல் பாரிஸ் உலகக் கண்காட்சி கொண்டுவந்த செழிப்பின்போதும் எண்ணிக்கை உயர்ந்தது. எனவே வறுமை அல்ல, மனிதரின் விருப்பங்களுக்கு எல்லை வகுக்கும் நெறிகள் திடீரெனத் தளர்வதே காரணம் என்று வாதிட்டார்.

இந்நூலுக்குத் தேவைப்பட்ட பதிப்பிக்கப்படாத ஆவணங்கள் பிரெஞ்சு நீதி அமைச்சகத்தில் இருந்தன. அங்கே குற்றப் புள்ளிவிவரப் பிரிவின் தலைவராக இருந்தவர் காப்ரியேல் தார்த். மனிதர்கள் ஒருவரையொருவர் பின்பற்றுவதிலிருந்தே சமூகம் உருவாகிறது என்று 1890 இல் நூல் எழுதிய அவர், துர்க்கைமின் முதன்மையான எதிராளி. அவர் அனுமதி அளிக்க, துர்க்கைமின் சகோதரி மகன் மார்செல் மோஸ் ஏறத்தாழ 26,000 நிகழ்வுகளை வயது, பால், திருமண நிலை, குழந்தைகள் உண்டா இல்லையா என்று வகைபிரித்துக் கொடுத்தார். முன்னுரையில் தார்த்துக்கு நன்றி கூறிய துர்க்கைம், உள்ளே ஓர் அத்தியாயம் முழுவதையும் அவருடைய கொள்கையை மறுப்பதற்கே ஒதுக்கினார்.

நூலில் ஒரு விரிசல் உண்டு. தற்கொலைக்கான நோக்கங்கள் என்று அதிகாரிகள் பதிவுசெய்தவற்றை, அவை வெறும் அதிகாரிகளின் அபிப்பிராயங்கள் என்று துர்க்கைம் சரியாகவே தள்ளிவிட்டார். ஆனால் அதே அதிகாரிகள் ஒரு மரணத்தைத் தற்கொலை என்று முடிவுசெய்ததை மட்டும் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டார். மதத்தின் கண்டனத்துக்கு அஞ்சும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் மரணத்தை விபத்தாகப் பதியவைக்க முயலக்கூடும் என்றால், புராட்டஸ்டண்டுகளிடையே விகிதம் அதிகம் என்ற அவருடைய புகழ்பெற்ற முடிவின் அடித்தளம் அசைகிறது. பின்வந்த சமூகவியலாளர்கள் இதைக் கடுமையாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

இருந்தும் துர்க்கைமே வென்றார். அதற்கு அவருடைய வாதத்தைப் போலவே அவர் திரட்டிய ஆட்களும் காரணம். 1898 இல் தொடங்கிய ஆண்டிதழில் மோஸ், ஊபேர், பூக்ளே போன்ற இளைஞர்கள் ஐரோப்பாவெங்கும் வந்த நூல்களைப் பங்கிட்டுப் படித்து மதிப்புரை எழுதினார்கள். தார்த்துக்கு 1900 இல் பாரிசின் உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் தெ பிரான்சில் இடம் கிடைத்தது. ஆனால் தம் கருத்தைத் தொடரும் ஒரு குழுவை உருவாக்காமலேயே 1904 இல் இறந்துபோனார். பாரிஸ் பல்கலைக்கழகமான சொர்போனில் கல்வியியல் கற்பிக்கச் சேர்ந்திருந்த துர்க்கைமின் பதவிப் பெயரில் 1913 இல் சமூகவியலும் இணைக்கப்பட்டது. தார்த்தின் நூல்கள் பரவலாக மறுபதிப்புக் காண அந்த நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.